மிதக்கும் கண்ணிவெடியும் த்ரீ நாட் த்ரீயும்

இரண்டாம் உலகப் போரில் கடலில் போடப்பட்ட கண்ணிவெடிகளை அகற்றும் பிரிட்டிஷ் கண்ணிவாரிக் கப்பல்களில் பணியாற்றியவர்களின் நினைவுகளைப் படிக்கும்போது, பெரிய பீரங்கிகளைவிட, ‘த்ரீ நாட் த்ரீ’ என்று நாம் அழைக்கும் லீ என்ஃபீல்டு துப்பாக்கியே அடிக்கடி தலைகாட்டுகிறது. கப்பல் இழுத்துச் செல்லும் வாரிக்கம்பி, கடலடி நங்கூரத்தோடு கண்ணிவெடியைப் பிணைத்திருக்கும் வடத்தை அறுத்ததும், அந்த இரும்புக் கோளம் மேலே வந்து மிதக்கும். தளத்தில் வரிசையாக நிற்கும் மாலுமிகள் அதை நோக்கிச் சுட வேண்டும். கண்ணி அலையோடு ஏறி இறங்கும், சுடுபவர் நிற்கும் கப்பலோ உருளும். குண்டு உறையைத் துளைத்தால் தண்ணீர் புகுந்து கண்ணி அமைதியாக மூழ்கும். உறையின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பில் பட்டால், அதனுள் இருக்கும் கண்ணாடிக் குப்பி உடைந்து, கசியும் திரவம் மின்கலத்தை உயிர்ப்பித்து, முழு வெடிமருந்தும் வெடித்துவிடக்கூடும் என்பதால், பாதுகாப்பான தொலைவில் விலகி நின்றே சுட்டார்கள். ஒரு குண்டுக்கு ஒரு முறை கைப்பிடியை இழுத்துத் தள்ளும் துப்பாக்கிதான், ஆனாலும் பத்துக் குண்டுகள் கொள்ளும் கூடு இங்கே கைகொடுத்தது.

1895இல் பிரிட்டிஷ் படையில் சேர்ந்த இந்தத் துப்பாக்கி வம்சம், 1957இல் மாற்றுத் துப்பாக்கி வரும்வரை அங்கே முதன்மை ஆயுதமாக இருந்தது. மேற்கு வங்கத்தின் இஷாப்பூரில் தயாரானவை நம் காவலர்களின் தோளில் இந்த நூற்றாண்டிலும் தொங்கின.

கண்ணிவெடிகளும் ஆயுளில் இளைத்தவை அல்ல. 1988 ஏப்ரல் 14 அன்று பாரசீக வளைகுடாவில் அமெரிக்காவின் சாமுவேல் பி. ராபர்ட்ஸ் கப்பலைப் பிளந்தது, 1908ஆம் ஆண்டின் ரஷ்ய வடிவமைப்பைப் பின்பற்றிய கண்ணி.