மீதமிருந்த மூன்று புதன்கிழமைகள்

அம்மா நேர்ந்துகொண்டது ஒன்பது புதன். ஆறு புதன் மும்பை மாஹிமிலுள்ள கோவிலுக்கு, சகாய மாதா நவநாள் ஜெபத்துக்குப் போய் வந்தார். ஏழாவது புதன் வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

டயாலிசிஸ் படுக்கையிலும் ஜெபமாலையைக் கீழே வைக்காதவர் அம்மா. அவருக்கே இந்த முடிவு என்றால் ஆண்டவர் யாரைத்தான் நேசிக்கிறார்? கோபத்தில் கேட்கவில்லை, எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. பூசையில் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது வாய் அசையும். மனசு எங்கோ கிடக்கும்.

"நேர்ச்சையைப் பாதியில விடக்கூடாதுப்பா. மீதி மூணு புதனை நீ போய் முடி" என்றார் எதிர்வீட்டு அக்கா. அம்மாவுக்குப் பட்ட கடனாக நினைத்துத்தான் கிளம்பினேன்.

தாராவியிலிருந்து ரயில்வே பாலம் ஏறி இறங்கினால் மாஹிம். ஏழாவது புதன் அன்று பேய்மழை. குடை மேல் குடை இடிக்க, கோவிலுக்கு வெளியே மெழுகு விற்பவர்கள் கையைப் பிடித்து இழுக்காத குறை. கை, கால், குழந்தை, வீடு என்று மெழுகில் எல்லா உருவமும் உண்டு. "வீடா, வேலையா, பாப்பாவா?" என்று ஒருவர் இந்தியில் விடாமல் கேட்டார். விலையும் அன்று ஏறித்தான் இருந்தது. ஜெபிக்க வருகிறவர்களிடம் இப்படியா என்று மனம் வெந்துபோனது. ஆனால் அவர் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சந்தேகத்துக்கு மெழுகில் என்ன உருவம் செய்வார்கள்? சாதாரண மெழுகுவர்த்தி ஒன்று வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

எட்டாவது புதனும் அப்படியே கழிந்தது.

ஒன்பதாவது புதன் வரிசை நகரவே இல்லை. 1948 முதல் புதன்தோறும் நடக்கும் நவநாள். மதம் பார்க்காமல் மும்பையே வந்து நிற்கிறது. முன்னால் ஒருவர் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டே நின்றார். அவர் கை இறங்கியபோது சகாய மாதாவின் படம் நேராகத் தெரிந்தது. சின்ன வயதிலிருந்து எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் அதே படம்தான். அன்றுதான் குழந்தை இயேசுவின் காலைப் பார்த்தேன். ஒரு செருப்பு கழன்று வாரில் தொங்குகிறது.

பின்னாளில் படப்போகும் பாடுகளின் சிலுவையையும் ஈட்டியையும் தூதர்கள் ஏந்தி நிற்க, அதைக் கண்டு பயந்து அம்மாவிடம் ஓடிவந்த பிள்ளை அது. ஓடிய வேகத்தில் செருப்பு கழன்றுவிட்டது. இரண்டு கையாலும் அம்மாவின் கையைப் பிடித்திருக்கிறது.

2005 ஜூலை 26. இன்றும் மும்பைக்காரர்கள் மனப்பாடமாகச் சொல்லும் 944 மில்லிமீட்டர் மழை. எனக்கு ஆறு வயது. இடுப்பளவுத் தண்ணீரில் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு நடந்தார். என் செருப்பு ஒன்று தண்ணீரில் போய்விட்டது. செருப்புக்காக நான் அழுதேன். "செருப்பு போனா போகுது, நீ என்னைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்றார். வெள்ளம் அன்று வடியவில்லை. அம்மாவும் என்னை இறக்கிவிடவில்லை.

படத்திலும் சிலுவை அப்படியேதான் இருக்கிறது, மாதா அதை விரட்டவில்லை. என் ஆண்டவரும் பயந்தவர். பிடித்துக்கொள்ள ஒரு கையைத் தேடியவர். 'ஏன் என்னைக் கைவிட்டீர்' என்று சிலுவையில் கதறியவர். என் கேள்வியை எனக்கு முன்னாலேயே கேட்டவரிடம்தான் இத்தனை நாளும் முகம் திருப்பிக்கொண்டிருந்தேனா? 'தாய் மறந்தாலும் நான் உன்னை மறக்கமாட்டேன்' என்ற எசாயாவின் வசனத்தை அம்மா அடிக்கடி சொல்வார். அன்று அது என்னிடமே சொன்னதுபோல் இருந்தது. நின்ற இடத்திலேயே அழுதேன். அப்புறம் யார் இடித்தார்கள், வரிசை எப்போது நகர்ந்தது, ஒன்றும் தெரியாது. சகாயத் தாயே, உமக்கு நன்றி! ஆண்டவரே, என்னை விடாமல் பிடித்திருந்தீரே, நன்றி!

அங்கே மன்றாட்டுக் கடிதமும் நன்றிக் கடிதமும் எழுதிப் போடுவார்கள். நான் நன்றிக் கடிதம் எழுதினேன். அம்மாவைக் கொடுத்ததற்கு, அவர் கடைசிவரை ஜெபித்ததற்கு, அந்த மழைக்கு, மீதம் வைத்துப்போன மூன்று புதனுக்கு. தாள் போதவில்லை, ஓரத்திலும் எழுதினேன். அடியில் அம்மா பெயரைத்தான் போட்டேன்.

அடுத்த புதனும் போனேன்.