அம்புக்குறி எங்கிருந்து கிளம்புகிறது?

பல்கலைக்கழகத்தில் புற்றுநோய் உயிரியல் படித்தபோது, செல் சிக்னல் பாதைகளை, அதாவது செல்லுக்கு வரும் கட்டளை உள்ளே கடத்தப்படும் வழிகளை, வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஏபிசி மரபணு பழுதானால் பீட்டா-கேட்டனின் என்ற புரதம் சிதையாமல் குவியும், செல் பெருகிக்கொண்டே போகும். பெரும்பாலான பெருங்குடல் புற்றுநோய்கள் இப்படித்தான் தொடங்குகின்றன. வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி: "சரி, விண்ட் சிக்னலை அனுப்புவது யார்?" விண்ட் என்பது பீட்டா-கேட்டனினைக் குவியவைத்து, செல்லைப் பெருகச் சொல்லும் வெளிக் கட்டளை. வாயடைத்துப் போனேன். என் குறிப்பேட்டில் எல்லா அம்புக்குறிகளும் செல்லின் சவ்விலிருந்துதான் தொடங்கின.

எழுத்துத் தேர்வுக்கு வேறு மாதிரி படித்தேன். முதலில் திசுவை வரைந்தேன். பெருங்குடலின் உட்சுவரில் சோதனைக்குழாய் வடிவில் நுண்ணிய குழிகள் இருக்கின்றன. அடியில் புதிய செல்களை உருவாக்கும் ஸ்டெம் செல்கள், குழியைச் சுற்றி வெளியே இணைப்புத் திசுவைச் சேர்ந்த ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள். அடிப்பக்கத்து ஃபைப்ரோபிளாஸ்ட்கள் விண்டைத் தூண்டிவிடுகின்றன, பெருகுவதை நிறுத்தி முதிரச் சொல்லும் பிஎம்பி என்ற சிக்னலை கிரெம்லின் என்ற புரதத்தால் தடுக்கின்றன. மேலே போகப் போக பிஎம்பி கூடுகிறது, செல்கள் பெருகுவதை விட்டு முதிர்கின்றன.

இதை சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீட்டுச் சமையலறையில் அம்மாவிடம் தமிழில் சொல்லிப் பார்த்தேன். ஐம்பது வயதைத் தாண்டியதால் அம்மா அப்போதுதான் பெருங்குடல் புற்றுநோய்க்கான வருடாந்திர மலப் பரிசோதனைப் பெட்டியை வாங்கி வந்திருந்தார். "அப்போ பக்கத்து வீட்டுக்காரங்க சொல்றதைக் கேட்டுத்தான் அது வளருதாய்யா?" என்றார். அந்தக் கேள்விதான் பாடமே. உங்களுக்குப் புரிந்ததா என்று பார்க்க, துறை தெரியாத ஒருவரிடம் தாய்மொழியில் சொல்லிப் பாருங்கள். கலைச்சொல்லுக்குப் பின்னால் ஒளிய முடியாது.

நான் அதிக நேரம் செலவழித்தது ஒரே ஓர் உதாரணத்தில். பரம்பரையாக வரும் ஒருவகைப் பாலிப் நோயில் (பாலிப் என்பது குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு கட்டி), கிரெம்லின் மரபணுவுக்கு அருகே டிஎன்ஏவின் ஒரு துண்டு இரட்டிப்பாகிறது. 2012இல் இது தெரியவந்தது. வழக்கமாக வெளியே இருக்கும் செல்கள் சுரக்கும் கிரெம்லினை, குடலின் உட்புறச் செல்களே சுரக்கத் தொடங்குகின்றன. புரதம் அதேதான், அனுப்பும் இடம்தான் மாறியது. அதற்கே பாலிப்கள் முளைக்கின்றன! சுற்றுப்புறத்தின் பங்கை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

டிஜிஎஃப்-பீட்டா என்ற சிக்னல் புரதத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சாதாரணச் செல்லில் அது பெருக்கத்தை அடக்கும். பல பெருங்குடல் புற்றுச் செல்கள் அதற்குச் செவிசாய்க்கும் திறனை இழந்துவிடுகின்றன, ஆனால் அதைச் சுரப்பதை நிறுத்துவதில்லை. அக்கம்பக்கத்து ஃபைப்ரோபிளாஸ்ட்கள் அதைக் கேட்டு, இன்டர்லூகின்-11 போன்ற சிக்னல் புரதங்களைத் திருப்பி அனுப்புகின்றன. புற்று வேறு உறுப்பில் வேரூன்ற அது உதவுகிறது. 2015இல் பெருங்குடல் புற்றுநோயை நான்கு வகையாகப் பிரித்தார்கள். இந்தச் சிக்னலும் சுற்றுத் திசுவும் மிகுந்திருக்கும் நான்காவது வகைக்குத்தான் உயிர்பிழைக்கும் விகிதம் மிக மோசம்.

அதனால் டிஜிஎஃப்-பீட்டாவுக்கு இரண்டு வண்ணப் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். போகும் அம்புக்கு ஒன்று, திரும்பி வரும் அம்புக்கு இன்னொன்று.