வியன்னாவில் ஒரு தங்க ஆடு

விமான நிலையத்திலிருந்து கூட்டிவந்த டாக்ஸிக்காரர், பேசிய தொகை போதாதென்று பெட்டிக்குத் தனிக்காசு கேட்டு வாங்கிக்கொண்டார். எஸ்7 என்ற புறநகர் ரயிலில் சில யூரோவில் வந்துவிடலாம், நீங்கள் அதிலேயே வாருங்கள். அந்தக் கடுப்போடுதான் ஹோஃப்பர்க் அரண்மனைக் கருவூலத்துக்குள் போனேன். நுழைவுக் கட்டணத்தை ரூபாயில் பெருக்கிப் பார்த்ததில் இன்னும் கொஞ்சம் வயிறெரிந்தது.

எங்கே தங்குவது, எப்படிச் சுற்றுவது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த ஆடு விடமாட்டேன் என்கிறது!

ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்து அரசர்கள் கொடுத்த கௌரவங்களில் உச்சம் தங்க ஆட்டுத்தோல் விருது. 1430இல் பர்கண்டி கோமகன் பிலிப் தன் கல்யாணத்தையொட்டி இன்றைய பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரில் தொடங்கியது; வாங்கியவர்கள் ஒரு சபையாக இருப்பார்கள். அவருடைய பேத்தி மேரி ஹாப்ஸ்பர்க் வீட்டில் வாழ்க்கைப்பட்டதும் இதுவும் அங்கே போய்ச் சேர்ந்தது. சக்கிமுக்கிக் கல், இரும்பு வடிவங்களைக் கோத்த ஆரம். அதில் இடுப்பைக் கட்டித் தூக்கியதுபோல் தொங்கும் குட்டி ஆடு. விருது பெற்றவர் இறந்தால் குடும்பம் ஆரத்தைத் திருப்பித் தரவேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்த விதி.

அதைவிட அசத்தல், அந்தச் சபையின் திருப்பலி உடைகள், அதாவது பாதிரியார்கள் பூசைக்கு அணிபவை. தங்க இழைகளைப் படுக்கவைத்து, மேலே வண்ணப் பட்டு நூலை நெருக்கியும் தளர்த்தியும் தைத்தே நிழலும் வெளிச்சமும் கொண்டுவந்திருக்கிறார்கள். காஞ்சிபுரம் சரிகை பார்த்து வளர்ந்த கண்ணுக்கே மிரட்சி. வைரக் கிரீடங்களை முண்டியடித்துப் பார்க்கும் கூட்டம் இதைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

ஹாப்ஸ்பர்க்கின் இன்னொரு விருதான புனித ஸ்டீபன் விருதுக்காரர்களின் பச்சை வெல்வெட் அங்கி வெறும் பகட்டு. ஹாப்ஸ்பர்க் அரசி மரியா தெரேசா பெயரிலான ராணுவ விருது அப்படியில்லை. 1757இல் கோலின் போரில் ஜெர்மானிய அரசான பிரஷ்யாவை ஆஸ்திரியா தோற்கடித்த கையோடு பிறந்தது. செய்யாமல் விட்டாலும் யாரும் குறைசொல்ல முடியாத துணிச்சலைத் தானாகவே செய்த அதிகாரிக்குத்தான் தந்தார்கள். மதம், பிறப்பு பார்த்ததில்லை. ஹாப்ஸ்பர்க் பேரரசு 1918இல் மூட்டை கட்டிவிட்டது. விருது வாங்கியவர்களில் கடைசி ஆளான கடற்படை விமானி பான்ஃபீல்ட் 1986வரை இருந்தார்.

பசிக்கு கைசர்ஷ்மாரன்: பிய்த்துப் போட்ட தடிமனான பான்கேக், மேலே பொடித்த சர்க்கரை, பக்கத்தில் சுடச்சுட பிளம்ஸ். பெயரிலேயே பேரரசர் இருக்கிறார், ஆனாலும் ஒரு தட்டு இரண்டு பேருக்குத் தாராளமாகக் காணும். கருவூலத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ராணுவ அருங்காட்சியகம் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். நாளைப் பார்த்து டிக்கெட் போடுங்கள்.