தார் வீதியின் நீலம்

பெரும்போக அறுவடை நடக்கும் நாட்களில் மட்டக்களப்பின் வலையிறவுப் பாலத்தைக் கடந்து, வாவியின் மேற்கே உள்ள படுவான்கரைக்குள் சென்றால், பல இடங்களில் வீதியின் ஒரு பக்கத்தில் நெல் காய்ந்துகொண்டிருக்கும். நெல்லை அள்ளிய பின் எஞ்சும் தாரைப் படம்பிடிக்கத்தான் நான் அங்கே போகிறேன். வெயிலில் இளகிய தாருக்குள் புதைந்த சில மணிகள், உழவு இயந்திரத்தின் சில்லு அழுத்திய வரிகள், குழாய்க்காக வெட்டி மூடிய ஒட்டின் ஓரமாகப் பிளந்து ஓடும் வெடிப்பு ஆகியவை குனிந்து பார்ப்பவருக்கே தெரியும்.

கணினித் திரையில் இவை பழுதடைந்த வீதியாக மட்டுமே தோன்றின. சயனோடைப் என்னும் நீல ஒளிப்பட அச்சு முறையில் அச்சிட்ட பிறகே அவற்றை நான் படமாகக் கண்டேன். 1842இல் ஆங்கில விஞ்ஞானி ஜோன் ஹேர்ஷல் கண்டறிந்த இம்முறைக்கு, வழக்கமான ஒளிப்பட அச்சுக்கு வேண்டிய வெள்ளியுப்பு தேவையில்லை. பெரிக் அமோனியம் சித்திரேற்று, பொற்றாசியம் பெரிசயனைட்டு ஆகியவற்றின் கரைசல்களைக் கலந்து, தடித்த வரைதல் தாளில் தூரிகையால் பூசி, இருட்டில் உலர்த்தி, ஒளிபுகும் தாளில் எடுத்த எதிர்ப்படத்தை (நெகட்டிவ்) அதன்மேல் வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் விட்டால், புறஊதாக் கதிர் பட்ட இடங்களில் பிரசியன் நீலம் உருவாகும். படாத இடத்துப் பூச்சு தண்ணீரில் கழுவுண்டு போய்விடும். தார் நீலமாகிறது, வெடிப்பு அதனினும் ஆழ்ந்த நீலமாகிறது, நெல்மணியும் மணலும் தாளின் வெண்மையாகவே நின்றுவிடுகின்றன. தூரிகை விட்ட கோடு எது, சில்லு விட்ட கோடு எது என்று சில இடங்களில் எனக்கே பிரித்தறிய முடிவதில்லை.

முதல் நான்கு அச்சுகளும் வெளிறிப்போயின. இந்த நீலத்துக்குக் காரம் ஆகாது. எங்கள் கிணற்று நீரோ காரத்தன்மை உடையது. முதல் அலசலில் தேசிக்காய்ச் சாறு சேர்க்கத் தொடங்கிய பின்புதான் நிறம் நின்றது. (குழம்புக்கு வாங்கிய தேசிக்காய் குறைகிறது என்ற முறைப்பாடு வீட்டில் இன்னும் தீரவில்லை.)

முதன்முறை நான் குனிந்திருந்தபோது, நெல்லுக்குக் காவலிருந்த பெரியவர் ஒருவர், "என்னகா மகன், றோட்டுப் போட அளக்க வந்தீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. அடுத்த கிழமை அந்த இடத்தின் அச்சை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதன் மூலையிலிருந்த கருநீலப் புள்ளியைப் பூச்சு திரண்டதால் வந்த குறையென்று நினைத்து, அப்பகுதியை வெட்டிவிடலாமா என்றுகூட யோசித்திருந்தேன். அவர் நேராக அதன்மேல் விரலை வைத்து, "இது என்ட சைக்கிள் ஸ்டாண்ட் குத்தின கிடங்கு" என்றார்.