ரிப்பன் பில்டிங்கை ராத்திரில எடுக்கிறதுன்னா

பழைய கட்டிடத்த ராத்திரி போட்டோ எடுக்கப் போறீங்கன்னா முழு இருட்டு வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, யார் கேட்டாலும் நான் முதல்ல சொல்றது இதான். வானம் கருப்பானதும் கோபுரம் எங்க முடியுது வானம் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது. சூரியன் மறைஞ்சு ஒரு இருபது நிமிஷம் கழிச்சு வானம் கரு நீலமா இருக்கும் பாருங்க, அப்போ கட்டிடத்து லைட்டும் வானமும் கிட்டத்தட்ட சம வெளிச்சத்துல நிக்கும். நம்ம சென்னைல அந்த நேரம் ரொம்ப சின்னது, கண்ண மூடி திறக்குறதுக்குள்ள போயிடும், அதனால வெளிச்சம் இருக்கும்போதே போய் ட்ரைபாட் வச்சிடணும்.

எனக்குப் புடிச்ச இடம் பார்க் ஸ்டேஷன் பக்கத்து ரோட்டோர நடைபாதை. எதிர்ல 1913ல திறந்த ரிப்பன் பில்டிங், அதான் மாநகராட்சி ஆபீஸ், வெள்ளை வெளேர்னு. பக்கத்துலயே சிஸ்ஹோம்னு ஒரு ஆர்க்கிடெக்ட் டிசைன் பண்ண விக்டோரியா ஹால், செங்கல் சிவப்பு. இங்கதான் வம்பே. சிவப்புக்கு எக்ஸ்போஷர் (கேமராக்குள்ள விடுற வெளிச்ச அளவு) வச்சா வெள்ளை வெந்து போயிடும், கோபுரத்து கடிகாரம் வெறும் தட்டாயிடும், ஒரு எண்ணும் தெரியாது. நான் எப்பவும் வெள்ளைக்குத்தான் வைப்பேன், ரா ஃபைல்ல (கேமரா பதிஞ்சத மாத்தாம வச்சிருக்கிற ஃபைல்) இருட்டா விழுந்தத ஓரளவு தூக்கிக்கலாம், வெந்தது வெந்ததுதான். ரொம்ப வித்தியாசம்னா ரெண்டு மூணு எக்ஸ்போஷர் எடுத்து சேர்க்கலாம், ஆனா இருட்டையும் வெளிச்சத்தையும் ஓவரா சமமாக்கி பளபளன்னு காட்டுற ஹெச்டிஆர் வேலை மட்டும் வேணாம் சாமி, கல்யாண மண்டபம் மாதிரி ஆயிடும்.

செட்டிங்னு பாத்தா ஐஎஸ்ஓ (வெளிச்சத்த எவ்வளவு கூட்டிக் காட்டணும்ங்கிறது) 100, எஃப் (லென்ஸ் ஓட்டை அளவு, எண் ஏற ஓட்டை சின்னதாகும்) 8ல இருந்து 11, ஷட்டர் 10 - 20 செகண்ட். எஃப் 22 போனா படம் மங்கும். ட்ரைபாட்ல வச்சதும் கை நடுக்கத்த சரி பண்ற ஸ்டெபிலைசேஷன ஆஃப் பண்ணிட்டு ரெண்டு செகண்ட் டைமர் போட்டுடுங்க. தெரு விளக்குல நட்சத்திரம் வருமே, அது லென்ஸுக்குள்ள ஓட்டைய சின்னதாக்குற பிளேடு கணக்கு, 7 பிளேடுன்னா 14 கதிர், 8ன்னா 8தான்.

நடக்கிற ஜனம் 20 செகண்ட்ல காணாம போயிடுவாங்க, பஸ்ஸுக்கு நிக்கிறவங்க மட்டும் பாதி உடம்பு புகையா விழுவாங்க. எனக்கு அது புடிக்கும், கட்டிடம் மட்டும் தனியா நின்னா போஸ்ட் கார்டு மாதிரி இருக்கு. ஈ.வெ.ரா. சாலை சிக்னல கொஞ்ச நேரம் கவனிங்க, பச்சை விழுந்ததும் ஷட்டர அமுக்குனா வண்டி லைட்டு கோடு முழுசா வரும். ஆனா பஸ்ஸோட மேல் லைட்டு கீழ் தளத்து வளைவு மேலயே கோடு போட்டுடும், அதனால காரும் ஆட்டோவும் மட்டும் வர்ற நேரமா பாத்து எடுங்க. விசேஷ நாள்ல கலர் லைட் போடுவாங்க, அது மாறிட்டே இருந்தா நீள எக்ஸ்போஷர்ல எல்லா கலரும் கலந்து ஒரு மாதிரி அழுக்கா விழும், அப்போ ஷட்டர குறைச்சுக்கிட்டு ஐஎஸ்ஓவ ஏத்துங்க.

கேமராவ மேல பாக்குற மாதிரி சாய்க்காதீங்க, கோபுரம் பின்னாடி சாயுற மாதிரி தெரியும். கொஞ்சம் பின்னால போய் லெவலா வச்சு எடுத்துட்டு கீழ வெட்டிக்கலாம்.

ஐப்பசில மழை விட்ட சாயங்காலம்னா ரோடு முழுக்க வெளிச்சம் கெடக்கும், விடாதீங்க. ஏசி கார்ல போறீங்கன்னா கேமரா பைய முன்னாடியே டிக்கில போட்டுடுங்க, இல்லன்னா இறங்கினதும் லென்ஸ் முழுக்க ஈரம் பூத்து அந்த இருபது நிமிஷமும் துடைக்கவே சரியாப் போயிடும்.