"பேக்" என்றால் பையா, முதுகா?

இலங்கை மலையகத்தில் பிள்ளைகளின் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தால், அச்செழுத்துக்கு மேலே பென்சிலால் பொடிப்பொடியாகத் தமிழெழுத்து ஏறியிருக்கும். வாசிக்கச் சுலபம் என்று செய்வதுதான். ஆனால் மூன்றாம் தரத்தில் தொடங்கிப் பதினோராம் தரம் வரை ஒன்பது வருடம் படித்தும் நாக்குத் திரும்பாமல் போவதற்கு இந்தப் பென்சில் எழுத்து ஒரு பெரிய காரணம்.

"பேக்" என்று எழுதிப் பாருங்கள். பை, முதுகு, பொதி கட்டுவது, போறணையில் சுடுவது: ஆங்கிலத்தில் நான்கும் வெவ்வேறு சொல், வெவ்வேறு ஒலி. தமிழில் எழுதினால் நான்கும் ஒன்றாகிவிடும். "வெஸ்ட்" என்பதும் அப்படித்தான். மேற்குத் திசையும் அதுவே, பனியனும் அதுவே. மேற்கைச் சொல்லும்போது உதடு குவிய வேண்டும், பல் படக் கூடாது. பனியனுக்கு மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும்.

இது தமிழெழுத்தின் குறை அல்ல. "பாட்டு" என்பதிலும் "அன்பு" என்பதிலும் பகரம் வேறு வேறாக ஒலிப்பதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இடம் பார்த்து வாய் தானே மாற்றிக்கொள்ளும். ஆங்கிலத்தில் அந்த மாற்றமே பொருளை மாற்றிவிடுகிறது. பழகுவதற்கு ஒரு மெல்லிய கடதாசித் துண்டு போதும். வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு "பென்" என்று பேனாவைச் சொன்னால் கடதாசி அசைய வேண்டும். "பெஞ்ச்" என்றால் அநேகமாக அசையாது. (இங்கே ஒலியைத் தமிழில் எழுதுவது விளக்கத்துக்கு மட்டும். கொப்பியில் ஆங்கில எழுத்தே இருக்கட்டும்.)

அடுத்த தடுமாற்றம் வசனத்தில். "அப்பா டீமேக்கர்" என்பது தமிழில் முழு வசனம். அதை அப்படியே தூக்கி "மை ஃபாதர் டீமேக்கர்" என்று எழுதுகிறார்கள். நடுவில் "இஸ் எ" வேண்டும். தமிழில் "வந்தேன்" என்றாலே வந்தவர் யார் என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் "ஐ" இல்லாமல் "கேம்" நிற்காது. "எனக்கு இரண்டு தங்கச்சி" என்பதை "டு மீ" என்று தொடங்கக் கூடாது, "ஐ ஹேவ்" என்றுதான் வரும். விதியை மனப்பாடம் செய்வதைவிட, இந்த மூன்று அச்சிலும் பத்துப் பத்து வசனம் சொந்தமாக எழுதுவது அதிகம் உதவும்.

இறந்தகால ஒலிக்குத் தோட்டத்து வேலைகளே நல்ல பாடம். கொழுந்து பறித்தது "ப்ளக்ட்", கவ்வாத்து வெட்டியது "ப்ரூண்ட்", கன்று நட்டது "பிளாண்டெட்". எழுதும்போது மூன்றின் முடிவும் ஒன்று, ஒலி மூன்று. வினைச்சொல் ஆங்கில t அல்லது d ஒலியில் முடிந்தால் மட்டுமே "எட்" தனி அசையாகக் கேட்கும். "ப்ளக்கெட்" என்று சொல்வது பிழை.

நம் வாயில் ஏற்கெனவே இருக்கும் ஆங்கிலச் சொற்களிலும் கவனம் வேண்டும். தோட்டத்தில் ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. நேர்முகப் பரீட்சையில் அப்பா ஸ்டோரில் வேலை என்றால், கடையில் நிற்கிறார் என்று எடுத்துக்கொள்வார்கள். "டீ ஃபேக்டரி" என்று சொல்லுங்கள். டீமேக்கர் என்றால் வெளியாளுக்குத் தேநீர் ஊற்றுபவர். தேயிலை உற்பத்திக்குப் பொறுப்பானவர் என்று இன்னொரு வசனம் சேர்க்க வேண்டும். தோட்டத்தில் வேலையை மேற்பார்வை செய்யும் கண்டக்டரையும், வெளியாள் பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பவர் என்றே நினைப்பார்கள்.

1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. ஆனால் ஹட்டன் பஜாரில் இணைப்பதற்குச் சிங்களமே போதும். ஆங்கிலம் உண்மையில் வழிமறிப்பது உயர்தரத்துக்குப் பிறகு. தமிழில் உயிரியலும் பௌதிகவியலும் படித்து மருத்துவம், பொறியியல் பீடத்துக்குப் போகும் பிள்ளைக்கு முதல் விரிவுரையே ஆங்கிலத்தில். உயர்தரத்தில் எழுதும் பொது ஆங்கிலப் புள்ளி, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியில் சேராது என்பதால் அந்தப் பாடத்தைக் கைவிடுகிறார்கள். இது மிகவும் வருத்தமான கணக்கு.

பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் திறக்கும் வரை மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது. முழு இலக்கணத்தையும் தொடக்கத்திலிருந்து படிக்கப் போக வேண்டாம். தெரிந்த பாடத்தையே ஆங்கிலத்தில் வாசியுங்கள். கலம், ஒளித்தொகுப்பு, ஆர்முடுகல் என்று தமிழில் விளங்கிய விடயம் கையில் இருப்பதால் மொழி மட்டுமே புதிது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம், ஐந்து கலைச்சொல். ஒவ்வொரு சொல்லையும் வைத்து ஒரு வசனம். சொல்லைத் தனியாக எழுதிவைத்தால் ஒரு வாரத்தில் மறந்துவிடும்.

பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும், விடாமல் செய்தால். முதலில் வானொலியில் தமிழ்ச் செய்தி, பிறகு ஆங்கிலச் செய்தி. விடயம் முன்பே தெரிந்திருப்பதால் காது சொற்களைப் பிடித்துக்கொள்ளும். அதன்பின் அன்று கண்டதைப் பற்றி ஐந்து வசனம் எழுதி, உரக்க வாசித்து, போனில் பதிந்து கேட்க வேண்டும். இதற்கு டேட்டா தேவையில்லை, சிக்னல் எட்டாத லயத்திலும் முடியும். பதிவை அழிக்காமல் வைத்திருந்து, முப்பதாம் நாள் முதல் நாள் பதிவைப் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.