கல்லுக்குள் வளை

13.1.2024, காரை

பொங்கலுக்கு ஊருக்கு வந்த கையோடு பெரம்பலூர் பக்கம் காரைக்கு வண்டியை விட்டேன். மழை அரித்த களிமண் மேடுகள், பளபளக்கும் ஜிப்சம், தோட்டா மாதிரி பெலம்னைட் (கணவாய்க்கு உறவான பழங்காலப் பிராணியின் புதைபடிவம்). எல்லாரும் படம் எடுப்பது இவற்றைத்தான். வெயில் தாங்கவில்லை, பத்து மணிக்கே திரும்பிவிட்டேன்.

14.1.2024, கருடமங்கலம்

இந்த ஊர்ச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பியும் நத்தை ஓடும் அடைந்து கிடக்கும். மெருகேற்றினால் அழகு. ஆனால் ஓடுகளை மட்டும் நம்பி, அந்தக் காலத்தில் இங்கிருந்த கடல் எப்படிப்பட்டது என்று சொல்லிவிட முடியாது. பிராணி செத்தபின் அலை அவற்றை எங்கேயாவது தள்ளியிருக்கும். பிராணி தோண்டிய வளை அப்படியல்ல. தோண்டிய இடத்திலேயே கிடக்கும்.

மணற்கல் பரப்பில் விரல் பருமனில், கவைக்கோல் போலப் பிரிந்த குழாய்கள். சுமார் ஒன்பது கோடி வருடம். ஆடு மேய்த்த பெரியவர், "மர வேருங்க தம்பி" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஐரோப்பாவிலேயே இப்படிப்பட்டவற்றைக் கடற்பாசி என்றுதான் நினைத்தார்கள். பலவும் பிராணிகளின் தடங்கள் என்று 1881-இல் ஸ்வீடன் நாட்டு நிலவியல் அறிஞர் நாதோர்ஸ்ட் காட்டினார். வேரென்றால் நுனியில் மெலியும். இது மெலியவில்லை, கவை பிரியும் இடத்தில் புடைத்திருக்கிறது. தலாசினாய்டிஸ்! (இந்தப் பெயர் வளையின் வடிவத்துக்குத்தான், தோண்டிய பிராணிக்கு அல்ல.) பெரும்பாலும் இறால் வகைகள் தோண்டுவது.

வளையின் சுவர்தான் விஷயம். இங்கே பூச்சே இல்லை. பூசாமலே இடியாமல் நின்றதென்றால் கடலடி ஓரளவு கெட்டியாக இருந்திருக்கிறது. மணல் இளகி ஓடும் இடமானால் இறால் மண்ணுருண்டைகளை ஒட்டிச் சுவர் எழுப்பும். வெளிப்பக்கம் சோளக்கதிர் மாதிரி முண்டுமுண்டாகத் தெரியும். அந்த வகை வளைக்குப் பெயர் ஓஃபியோமார்ஃபா. அப்புறம், அலை ஓயாமல் மணலைப் புரட்டும் ஆழமற்ற இடங்களில் செங்குத்து வளைகளே அதிகம். அமைதியான சேற்றில் இரை தரையிலேயே தங்கும், வளையும் படுக்கைவாட்டில் போகும்.

ஒரு குழாயை இன்னொன்று அறுத்துக்கொண்டு போகிறது. எலி வளையானாலும் தனி வளை என்பதெல்லாம் இங்கே செல்லாது.

17.1.2024, தரங்கம்பாடி

காணும் பொங்கல். கூட்டத்தை விட்டு விலகி நண்டு வளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா மகன் ஒன்றில் கையை விட்டான், நண்டு தப்பியது. பெரிய அலை ஒன்று ஏறி வந்து போனது. வளை தூர்ந்திருந்தது, கருமணலால். வெள்ளை மணலில் கறுப்பாக ஒரு வட்டம்.

"மாமா, ஓட்டை எங்கே?" என்றான்.